அவள் இன்னும் நிற்கிறாள்

“கடைசி வரியை மட்டும் எடுத்துடுங்க சார்.”

மேசையில் கிடந்த அச்சுப்படியிலிருந்து தலையை உயர்த்தினார் பேராசிரியர் இருதயநாதன். எதிரே ஜோஸ்லின் நின்றிருந்தாள். மூன்றாம் ஆண்டு மாணவி. வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வதைத் தவிர, வகுப்பில் அவள் வாய் திறந்து பேசி அவர் கேட்டதில்லை.

“எந்தக் கடைசி வரிம்மா?”

“உங்க கட்டுரையோட கடைசி வரி. ‘அவள் இன்னும் நிற்கிறாள்.’”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சுனாமி முடிந்த கையோடு, வாரப் பத்திரிகை நிருபராகப் போர்ட் பிளேருக்கு வந்தபோது எழுதியது அது. நிக்கோபாரில் பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு ஹாடோ துறைமுகத்தின் ஜெட்டிக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த நேரம். அலையில் கைக்குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண், இறங்குகிற ஒவ்வொருவர் கையையும் பார்த்தபடி அங்கேயே நின்றாள். அவளைப் பற்றிய அந்தக் கட்டுரைதான் அவருக்குப் பெயரும் விருதும் வாங்கித் தந்தது. இதே ஊரில் இலக்கிய இதழியல் கற்பிக்கும் வேலைக்கும் அதுவே வழிவிட்டது. இப்போது பாடநூலிலும் ஏறப்போகிறது.

“புரூஃப் பார்த்தாச்சா சார்? இன்னைக்கே மெயின்லேண்டுக்கு அனுப்பணுமாம். போன் மேல போன் போடுறாங்க,” என்றபடி வாசலில் எட்டிப் பார்த்தார் துறை அலுவலக எழுத்தர் பானு. “என்ன ஜோஸ்லின், சாருக்கே மார்க் போட வந்துட்டியா?”

“இதோ தர்றேன், பானு,” என்று அவரை அனுப்பிவிட்டு இருதயநாதன் மாணவியின் பக்கம் திரும்பினார். “அந்த வரியை எடுத்துட்டா கட்டுரையில அப்புறம் என்ன மிஞ்சும்?”

“நடந்தது மிஞ்சும் சார்.”

சுருக்கென்றது அவருக்கு. “அப்போ அது நடக்கலைங்கிறியா?”

“பார்க்காததை எழுதாதேன்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க. பாராடாங் தீவுப் படகுக்காரர் மனசுக்குள்ள அழுதார்னு நம்ம கிளாஸ் டெர்வின் எழுதினதுக்கு, ‘நீ என்ன, அவர் மனசுக்குள்ள டிக்கெட் எடுத்துட்டுப் போனியா’ன்னு கேட்டீங்களே.”

“நான் பார்த்தேன்மா. ரெண்டு நாள் அவ பக்கத்துலயே நின்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, மறுநாள் காலை பிளைட்ல கிளம்பிட்டேன். பத்திரிகை காத்துக்கிட்டிருந்தது.”

“நீங்க கிளம்பின அன்னைக்கு இன்னொரு கப்பல் வரவேண்டியிருந்துச்சா?”

“இருந்தது.”

“வந்துச்சா சார்?”

இருதயநாதன் பேனாவை மூடி வைத்தார். பத்திரிகை ஆசிரியர் கேட்காத கேள்வி. விருதுக் குழுவும் கேட்காத கேள்வி. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

“வந்திருக்கும். ஆனா கட்டுரைன்னா அது எங்கேயாவது ஓரிடத்துல முடியணும். எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கிட்டாங்கன்னா முடிக்க முடியும்?”

“அந்தம்மா பேரு என்ன சார்?”

“கேட்கலை. கேட்டிருந்தா அவ யாரோ ஒருத்தி ஆயிருப்பா. கேட்காததாலதான் எல்லாத் தாயும் ஆனா.” வகுப்பில் எத்தனையோ முறை பெருமையோடு சொன்ன வாக்கியம். இன்று சொல்லும்போதே நாக்கு கூசியது.

“அவங்க பேரு ரோசலின். எதிர்க்கரையில, பாம்பூஃப்ளாட்ல தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்காங்க. உங்க கட்டுரையில வந்த போட்டோவை வச்சுத்தான் எல்லாரும் அவங்களைக் கண்டுபிடிச்சாங்க. டிசம்பர் வந்தாப் போதும், கேமராவைத் தூக்கிட்டு வந்துடுறாங்க. ‘அக்கா, ஜெட்டியில போய் அதே மாதிரி கடலைப் பார்த்து நில்லுங்க’ம்பாங்க. எம்புள்ளதான் கிடைச்சிருச்சேன்னு இவங்க சொன்னா, அச்சா அச்சான்னு தலையாட்டிட்டு, பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு எழுதிடுறாங்க.” ஜோஸ்லின் குரல் உயரவில்லை. “அவங்க உண்மையைச் சொன்னா யாரும் நம்புறதில்ல சார். உங்க வரியை நம்புறாங்க. இனிமே புத்தகத்துல வேற வரப்போகுது.”

தன்னைத் தேற்றிக்கொள்வதுபோல இருதயநாதன் பேசினார்.

“பெத்தவ அப்படி நம்பலாம்மா. துக்கம் எதை வேணும்னாலும் நம்பவைக்கும். அவங்க சொல்றதை மட்டும் வச்சு நான் மாத்த முடியாது. இன்னொரு ஆள் சொல்லணும்.”

“அந்த அடுத்த கப்பல்ல ஒரு நிக்கோபாரிக்காரர் வந்தாராம். புள்ளையைத் தன் சட்டையில சுத்திக் கொண்டாந்து அவங்க கையில குடுத்தாராம். அவரு இப்போ உயிரோட இல்ல சார்.”

“அந்தக் குழந்தை?”

“இருக்கு.”

இருதயநாதன் அச்சுப்படியைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். ஜெட்டியில் கேட்கத் தவறியதை இப்போதாவது கேட்டு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

“அதோட பேர் என்ன, சொல்லு.”

“தினமும் காலையில நீங்கதான சார் அந்தப் பேரைக் கூப்பிடுறீங்க,” என்றாள் ஜோஸ்லின். “நானும் எழுந்திருச்சு ‘உள்ளேன் ஐயா’ங்கிறேன்.”