நாலு புள்ளி பூஜ்யம்

1989 செப்டம்பர் 4, திங்கட்கிழமை. ஓசூர் சிப்காட்டில் கியர் செய்யும் ஒரு தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் பிரிவு கிருபாராணிக்கு வேலை நிரந்தரமா இல்லையா என்று முடிவாகும் நாள்.

"உள்ள வாம்மா. கதவு தொறந்தே இருக்கட்டும், எல்லாரும் கேக்கட்டும்" என்றார் மேனேஜர் அழகர்சாமி.

ஜூன் மாதம் அவள் எழுதிய குறிப்பு அவர் மேசையில் கிடந்தது. கம்ப்யூட்டரை இயக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை 3.3இலிருந்து 4.0க்கு இப்போது மாற்ற வேண்டாம் என்று அதில் சொல்லியிருந்தாள். புள்ளிக்குப் பின் பூஜ்யம் என்றால் முதன்முதலாக வெளியே வந்த சரக்கு; பிழை திருத்திய 4.01 நம் கைக்கு வரட்டும், அதுவரை ஸ்டோரின் ஆறாயிரம் உதிரிபாகப் பட்டியலை அதில் ஏற்றக்கூடாது என்பது அவள் வாதம்.

அழகர்சாமிக்கு அன்றே கொதித்தது. பெங்களூர் யூனிட்டில் நாலு ஓடுகிறது, எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பதால் நமக்கு மட்டும் மூணா என்று கத்தினார். 4.0க்கு மாற்ற ஒரு வாரம் கெடு வைத்தார். கெடு முடிந்த அன்று அவரே வந்து, தனக்குத் தெரிந்த ஒரே கட்டளையான, ஓடும் சிஸ்டத்தின் எண்ணைக் காட்டும் VER என்ற மூன்றெழுத்தைத் தட்டினார். திரையில் 4.0 என்று வந்தது.

"ரெண்டு மாசமாச்சு. ஒரு நாளாச்சும் மெஷின் நின்னுச்சா?"

"இல்லைங்க சார்."

"லிஸ்ட்டு தப்பா வந்துச்சா?"

"வரலைங்க."

"அப்ப எதுக்கு இந்தக் குறிப்பு? என்னய மூணுலயே உக்கார வைக்கப் பாத்தியா?"

"நம்பர் பெருசானா மெஷினு நல்லா ஓடும்னு இல்லைங்க சார். புள்ளிக்கு அப்பறம் என்ன இருக்குன்னு பாக்கணும். இன்னைக்கும் அதத்தான் சொல்றேன்."

"நாலு ஓடுறத கண்ணால பாத்துக்கிட்டே சொல்ற பாரு, அந்தத் திமிருக்குத்தான் இது."

கெலமங்கலத்தில் அவள் வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் வேலை நிரந்தரமில்லை, இன்றே கடைசி நாள் என்று எழுதிக் கொடுத்தார். 4.0 ஓசூரில் ஒரு குறையுமின்றி ஓடுவதாகப் பெங்களூருக்கு டெலக்ஸ் அனுப்பச் சொன்னார்.

கிருபாராணி ஸ்டோர் கிளார்க் திம்மராயனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் பட்டியலை எழுதி நீட்டினாள். அழகர்சாமி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அவள் பஸ் ஏறிய பிறகு திம்மராயன் கடைசி வரியைப் படித்தார்: "4.0 பிளாப்பிப் பெட்டி ஒன்று, சீல் உடைக்கவில்லை. மெஷினில் இன்றுவரை ஓடுவது 3.3, சார் கேட்டபடி திரையில் தெரியும் எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறேன்."