தலைவருக்கு ஒரு வாள்

"அப்பா, அது சுவரில மாட்டுற வாள். வெட்டுறதுக்கில்லை."

"பிடியில தங்கக் கலரில ட்ராகன் இருக்கு. இதைவிட என்ன வேணும்?"

உருத்திரமூர்த்தி கோயில் தலைவர். மொன்றியலில் ஜப்பானிய வாள் விற்கிற கடைக்கு அவர் மனைவி புஷ்பராணியையும் மகள் சாம்பவியையும் கூட்டிக்கொண்டு வந்ததற்குக் காரணம், போன வருசத்து விஜயதசமி.

அன்றைக்குக் கோயிலில் வாழைவெட்டு. அம்பாள் அசுரனைக் கொல்லுகிற நாள். அசுரனுக்குப் பதிலாக நட்டு வைத்த வாழையைத் தலைவர் வெட்ட வேண்டும். வெட்டினார். ஏழு தரம். பின்னால் நின்ற யாரோ "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணி எடுத்த வீடியோ, வட்ஸ்அப்பில் ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ் எல்லாம் போய் வந்தது.

"வாள் மொட்டை" என்றார் தலைவர்.

நிர்வாகசபை வேறு சொன்னது. இந்த வருசமும் ஒரே வெட்டில் விழாவிட்டால், அடுத்த வருசம் வாள் செயலாளர் சாரங்கன் கைக்குப் போகும்.

சாம்பவிக்கு இருபத்து நாலு வயது. நாலு வருசமாக ஜப்பானிய வாள் பழகுகிறாள். ஊருக்கு அது யோகா வகுப்பு என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். வாள் பார்த்து வாங்க ஆள் தேவைப்பட்டபோதுதான் மகளின் நினைவு வந்தது.

"இந்தப் பிடிக்குள்ள அலகு ரெண்டு இஞ்சிதான் போகுது, அப்பா. ஓங்கி வீசினா கழண்டு சனத்துக்குள்ள பறக்கும்."

"அப்ப அந்தப் பெரிசை எடு."

"உங்கட உயரத்துக்கு அது நீளம் கூட. நுனி நிலத்தில குத்தும்."

"நான் தலைவர். செயலாளற்ற வாளை விட என்ர வாள் பெரிசா இருக்க வேண்டாமே?"

"செயலாளரிட்ட வாளே இல்லையேப்பா" என்றாள் புஷ்பராணி.

சாம்பவி கறுப்பு உறை போட்ட ஒன்றை எடுத்தாள். அதில் பூவும் இல்லை, ட்ராகனும் இல்லை. "இது பாரம் குறைவு. பிடியில இருக்கிற மூங்கில் ஆணி நல்ல இறுக்கம். இது காணும்."

"இதோ? குடைக்கம்பி மாதிரிக் கிடக்கு. பெத்த தகப்பனுக்கு உள்ளதுக்குள்ள மலிவு பாக்கிறாய், என்ன?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே பின்வளவுக்குக் கூட்டிப்போனார். தண்ணீரில் ஊறவைத்துச் சுருட்டிய பாய் ஒன்று முளையில் குத்தி நின்றது. அதை வெட்டித்தான் வாளைப் பரிசோதிப்பார்களாம்.

"படுக்கிற பாயையோ வெட்டுறாங்கள்?" என்றார் தலைவர்.

"உங்களுக்குப் பாயில படுக்க மட்டும்தான் தெரியும். வெட்டுங்கோ பாப்பம்" என்றாள் புஷ்பராணி.

வெட்டினார். சாம்பவி எடுத்துக் கொடுத்த கறுப்பு உறை வாள் பாதிப் பாயில் இறுகி நின்றுவிட்டது. இழுத்தார், பாயும் முளையும் சேர்ந்து வந்தன.

"பாய் சரியில்லை."

சாம்பவி பாயை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு தரம் வீசினாள். சத்தமே கேட்கவில்லை. மேல் துண்டு புல்லில் கிடந்தது.

"பிராவோ, மத்மசெல்!" என்றார் கடைக்காரர்.

"பாத்தியளே, நான் தெரிவுசெய்த வாள் என்ன மாதிரி வெட்டுது!" என்றார் தலைவர்.

வீட்டுக்கு வரும் வழியில் சாம்பவி கேட்டாள். "விஜயதசமிக்கு இன்னும் ஆறு கிழமை கிடக்கு. நான் பழக்கிவிடட்டே அப்பா?"

"ஒரு பெட்டையிட்ட நான் வாள் பழகிறதோ? வெளியில தெரிஞ்சா என்ன கதைப்பாங்கள்?"

அவர் தானாகவே பழகினார், அறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று. பழகினது வெட்டை அல்ல, வெட்டும்போது வைத்திருக்க வேண்டிய முகத்தை.

விஜயதசமி விடிந்தபோது சாம்பவியின் கட்டில் வெறுமையாக இருந்தது. புஷ்பராணி போனில் தங்கச்சியிடம் கொட்டினாள்.

"தகப்பன்ர மானம் போகுதோ நிக்குதோ எண்டு தெரியாத நாளடி இது. இவள் இருட்டோட எழும்பி எங்கயோ போட்டாள். போன் எடுத்துக் கேட்டா, வேலையிருக்காம்!"

"இஞ்ச வளந்த பிள்ளையள் இப்பிடித்தான் அக்கா. கல்நெஞ்சு."

பின்னேரம் கோயிலில் கால் வைக்க இடமில்லை. புளோரிடாவிலிருந்து வந்திறங்கிய வாழை, அடி முதல் நுனி வரை மாலை சுற்றி மாப்பிள்ளை மாதிரி நின்றது. சாரங்கன் புதுப் பட்டு வேட்டியோடு முன்வரிசையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். குருக்கள் மந்திரம் சொல்லி, வாளைத் தலைவரின் கையில் கொடுத்துவிட்டு நாலடி தள்ளி நின்றார்.

தலைவர் பழகின முகத்தை வைத்தார். கண்ணை மூடினார். வீசினார்.

ஒரே வெட்டு. வாழை சாய்ந்தது.

மேளம் வெடித்தது. "அரோகரா!" சாரங்கன் போனைப் பொக்கற்றுக்குள் வைத்தான்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "எல்லாம் அம்பாளின்ர அருளும் என்ர பயிற்சியும்தான். இண்டையில இருந்து இந்த வாள் கோயில் சொத்து. பொம்பிளையள் ஒருத்தரும் தொடக்கூடாது. தொட்டால் அம்பாளுக்குக் குற்றம்."

அம்பாளும் ஒரு பொம்பிளை என்பது சபையில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. குருக்கள் பலமாகத் தலையாட்டினார்.

அன்னதானத்தில் சாம்பவி சோறு போட்டுக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் நகரும்வரை காத்திருந்த குருக்கள், தட்டை நீட்டிக்கொண்டு கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, வாற வருசமும் இதே மாதிரி விடியவே வந்து வாழையை வெட்டி நிறுத்திவிட்டுப் போ. மாலையைச் சுத்தி மறைக்கிறதை நான் பாக்கிறன். ஆனா மேல் துண்டைக் கொஞ்சம் இறுக்கி வை அம்மா. இந்த முறை அப்பான்ர வாள் பட முன்னமே விழுந்திட்டுது."