ஐஸ் கம்பெனி ஓடுது!

"ஊரே கடையைச் சாத்திக்கினு ஒக்காந்திருக்கு. இந்தாளு மட்டும் மெசினை ஓட்டிக்கினு இருக்கான் பாரு!"

வீரமுத்துவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். எண்பத்தேழாம் வருசம், இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். கச்சிராயபாளையம் ரோட்டில் புளியமரங்களைச் சாய்த்த கையோடு, கோடாலியும் கூட்டமுமாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்தவன் அவன். வூட்டுப் பக்கம் தலைகாட்டியே நாளாச்சு.

சின்னப்பனின் ஐஸ் கம்பெனியில் மெசின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வாசல் சாக்கடையில் பாளம் பாளமாக ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

"இது கண்துடைப்பு வீரமுத்தண்ணே," என்றான் ஒருத்தன். "நல்ல ஐஸெல்லாம் போலீஸ் தங்கியிருக்கிற கல்யாண மண்டபத்துக்குப் போவுதாம். ஐஸ் மேல ஃபேனைத் திருப்பி வுட்டுக்கினு ஜிலுஜிலுன்னு தூங்குறாங்களாம்!"

வீரமுத்து உள்ளே நுழைந்தான்.

"யோவ், யாருக்குயா இவ்ளோ ஐஸு?"

"யாருக்கும் இல்ல தம்பி," என்றார் சின்னப்பன். "சாக்கடையிலதான் கொட்டுறேன்."

"கொட்டுறதுக்கு எதுக்குயா செய்யிற?"

சின்னப்பன் தலையைச் சொறிந்தார். "சுடுதண்ணிக்குத்தான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஐஸ் கம்பெனியில சுடுதண்ணியா! யாருக்குயா காது குத்துற?"

"அப்பிடியே ரெண்டு இட்லியும் அவிச்சுக் குடுங்க, சட்னியோட!"

"இல்லப்பா, தண்ணியில இருக்கிற சூட்டை எடுத்தாத்தான் அது ஐஸாவும். எடுத்த சூடு எங்கியாவது போயாவணுமே? அது இந்தக் குழா வழியா..."

"ஐஸ்ல சூடாம்டா!" மறுபடியும் சிரிப்பு.

வீரமுத்து கோடாலியை ஓங்கினான். "நீயா நிறுத்துறியா, நான் நிறுத்தவா?"

"வெட்டிடாத தம்பி! இது போனா என் பொழப்பே போச்சு." சின்னப்பன் ஓடிப்போய் சுவிட்சை இறக்கினார்.

தடதட நின்றது.

"இதாண்டா போராட்டம்!" கூட்டம் கை தட்டியது. வீரமுத்து மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டான்.

கைதட்டல் அடங்குவதற்குள் பின்சுவருக்கு அந்தப்பக்கமிருந்து, பிரசவ ஆஸ்பத்திரிக் குளியலறையிலிருந்து, ஒரு வாளி 'ணங்'கென்று விழுந்தது. கூடவே ஒரு பொம்பளைக் குரல்.

"ஏம்பா சின்னப்பா! குழாயில தண்ணி சில்லுனு வருதே! மெசினை நிறுத்திட்டியா?"

சின்னப்பன் கோடாலியையே பார்த்தார்.

"எந்தப் பாவிங்களோ ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டுட்டானுங்க. கல்வராயன் மலையிலேர்ந்து வெறகு வண்டி எறங்கல. அடுப்புக்கு ஒரு சுள்ளி இல்ல. புள்ள பெத்தவளுங்க அத்தினி பேரும் ஒன் மெசின் சுடுதண்ணியிலதான் குளிச்சிக்கினு இருக்காளுங்க. இன்னிக்கு எம்மருமவளுக்கு மொதத் தண்ணி ஊத்துற நாளு. தலையில சோப்போட ஒக்காந்திருக்கா. பேரப்புள்ள வேற கத்துது. எந்தக் கட்டையில போறவன்யா வந்து நிறுத்தச் சொன்னான்?"

வீரமுத்துவின் முகம் வெளிறிப்போனது.

சுவருக்கு அந்தப்பக்கம் குரல் இன்னும் ஏறியது.

"எம்மவன் வீரமுத்து மட்டும் இப்ப இங்க இருந்தான்னா, அந்தப் படுபாவி கையைக் காலை ஒடிச்சிருப்பான்!"

வீரமுத்து கோடாலியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"இங்கதாம்மா இருக்கேன்."