புள்ளிக் கோடு போகும் வழி

மேடு பள்ளமெல்லாம் கோடு கோடாய் வரைந்த, எழுபது வருஷப் பழைய சர்வே வரைபடம் ஒன்று கிடைத்ததிலிருந்து என் கணவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“இந்தப் புள்ளிக் கோட்டைப் பாரு. ஓடையிலேர்ந்து ஊருக்குள்ள வந்த பழைய நடைபாதை. பின்தெரு தையல்காரன் அதுமேல கடையைக் கட்டி உக்காந்திருக்கான்!”

“பாவம், பிழைச்சிட்டுப் போறார். விடுங்களேன்.”

“இது சரித்திரம்டி. யாரு எவருன்னு பாக்காது.”

மனு மேல் மனு போட்டார். கடைச் சுவரை இடித்து வழிவிடச் சொல்லி உத்தரவே வந்துவிட்டது. இடித்த வழியில் முதல் ஆளாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவரும் இவர்தான்.

இன்று காலை தையல்காரர் எங்கள் கொல்லைக் கதவைத் தட்டினார். கையில் ஒரு வரைபடம். பின்னால் பாதி ஊர்.

“அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. அண்ணனோட படம் எங்க தெருவோட முடிஞ்சிடுது. அதை ஒட்டி வர்ற அடுத்த தாளை நான் தேடி வாங்கிட்டேன். கோடு இப்படித்தான் போகுது.”

நான் ஒதுங்கி நின்றேன். கூட்டம் சமையலறையைத் தாண்டியது.

குளியலறையிலிருந்து இவர் கத்தினார்: “யாருடி அது, இவ்வளவு சத்தம்?”

“சரித்திரங்க. சீக்கிரம் துண்டைக் கட்டுங்க, கோடு உங்க பக்கமாத்தான் வருது.”