முழங்கை ஊன்றி

ஆறே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் நின்றது.

விஜயராணி டிரம்மை மூடிவிட்டு வீட்டின் நடுவில் ரப்பர் பாயை விரித்தாள். கொழுந்தன் சுரேந்திரன் தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த பாய். செம்பூரில் ஒரு ஜிம்மில் அவன் டிரெய்னராக இருந்தான்.

பாயை விரித்தால் அந்தத் தாராவி வீட்டில் வேறு யாருக்கும் இடமில்லை. மாமியார் மீனாட்சியம்மாள் கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கணவன் ராஜபாண்டி மட்டும் கட்டிலில் கிடந்தான்.

அவனுடைய கல்லீரல் சுருங்கிவிட்டது. யாராவது தன்னுடையதில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டும். சின்னவன் சுரேந்திரனுக்கு ரத்தம் சேரவில்லை என்றார்கள். மிச்சம் விஜயராணிதான்.

விக்ரோலியிலிருந்து அவளுடைய அண்ணன் வந்து, வேறு ஆளே இல்லையா என்று கேட்டான். இல்லை என்று சொல்லி அவனை அனுப்பி வைத்தாள்.

அவள் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. எடையைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். வெள்ளிக்கிழமை மறுபடியும் ஸ்கேன். இதற்குமேல் தள்ளிப்போட்டால் ராஜபாண்டி தாங்க மாட்டான்.

இரண்டு மாதமாக வீடே அவளைத் தாங்கியது.

மீனாட்சியம்மாள் அவளுக்கென்று எண்ணெய் இல்லாமல் தனிக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. நைட்டியோடு கடைக்குப் போனதற்கு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டவள், சுரேந்திரனின் பழைய டிராக் பேண்ட்டைத் தன் கையால் மடித்துத் தைத்து மருமகளிடம் கொடுத்தாள்.

மதினியும் கொழுந்தனும் எந்த நாட்டு ஒலிம்பிக்குக்குக் கிளம்புகிறீர்கள் என்று எதிர்வீட்டு மாலதி கேலி செய்தாள். விஜயராணிக்கு வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

ஸ்டேஷன் பாலம் ஏறினால் இப்போது மூச்சு வாங்கவில்லை. முழங்கால் வலி போய்விட்டது. கண்ணாடியில் கழுத்தெலும்பு தெரிந்தது.

ஒரு தடவைதான் தவறினாள். மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே நின்று ஒரு வடாபாவ் வாங்கினாள். பாதி தின்னும்போது சுரேந்திரன் பார்த்துவிட்டான். அண்ணனைக் கொல்லப் பாக்கீங்களா மதினி என்று ரோட்டில் வைத்தே கேட்டான்.

வீட்டுக்கு வந்து ராஜபாண்டியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அவள் தலையில் கையை மட்டும் வைத்தான்.

இன்றும் சுரேந்திரன் போனை டிரம்மின்மேல் சாய்த்து வைத்தான். இந்திப் பாட்டு அலறியது. அவள் உட்கார்ந்து எழுந்தாள். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தலைக்குமேல் தூக்கி இறக்கினாள். ஜிம்மில் பழகிய வாய், அவன் ஏக், தோ என்று எண்ணிக்கொண்டே போனான்.

கடைசியில் பிளாங்க். குப்புறப் படுத்து, முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி, உடம்பைப் பலகைபோல நிறுத்த வேண்டும். பாட்டு முடிகிறவரை இறக்கக் கூடாது.

அந்த நிலையில் அவளுக்குத் தெரிந்தவை பாதங்கள் மட்டும்தான். முன்னால் சுரேந்திரனுடையவை. பக்கவாட்டில், கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ராஜபாண்டியின் வீங்கிய பாதம்.

நெட் சிக்கிக்கொண்டது. பாட்டு பாதியில் நின்றது.

பாட்டுக்கு மேலாகக் கத்தி மாலதியிடம் பேசிக்கொண்டிருந்த மீனாட்சியம்மாளுக்குக் குரலை இறக்கத் தோன்றவில்லை.

"சின்னவனோடதுதான் அப்படியே பொருந்துது, ஒரு பொட்டு கொழுப்பு கெடையாதுன்னு டாக்டர் மொதல்லயே சொல்லிட்டாருட்டீ. அதுக்காவ பெத்தவ ரெண்டு பிள்ளையளையும் ஒரே நாள்ல கத்திக்குக் குடுப்பாளா? அதான் இவ இருக்காளே."

பிறகுதான் வாசலில் சத்தம் அடங்கியது.

சுரேந்திரன் எண்ணுவதை நிறுத்தியிருந்தான். அவன் கால்விரல்கள் மடங்கித் தரையைப் பிடித்தன.

விஜயராணி உடம்பை இறக்கவில்லை. தோள்கள் நடுங்கின. மூக்கு நுனியில் திரண்ட வியர்வை பாயில் விழுந்தது. யாரும் அவளிடம் போதும் என்று சொல்லவில்லை.

கட்டில் கிரீச்சிட்டது. வீங்கிய பாதம் மெதுவாகப் போர்வைக்குள் போயிற்று.

தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஏங்க, ஒங்களுக்கும் தெரியுமா?"