நாற்பத்தொன்றாம் பக்கம்

அவள் பேசக் கூடாது. தலையைக்கூட ஆட்டக் கூடாது.

அச்சுக்குப் போகுமுன் கடைசிச் சோதனை இப்படித்தான். விளையாட்டை உருவாக்கியவள் மூலையில் உட்கார்ந்திருப்பாள். முன்பின் தெரியாத மூன்று பேர் விதிப்புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு விளையாடுவார்கள். தப்பாகப் புரிந்துகொண்டாலும் அவள் திருத்தக் கூடாது. புத்தகம் விற்ற பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் அவளால் கூடவே போக முடியாது அல்லவா.

பதிப்பாளன் எட்வின் அவள் கையில் ஒரு கடலை மிட்டாயைக் கொடுத்திருந்தான். பேச வாயெடுத்தால் கடித்துக்கொள்ள.

கோவையில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடி அறை. சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. நான்கரைக்குக் கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். அடுத்த மாதம் பெங்களூரில் வெளியீடு. மூன்று நாள் விழா. தன்னால் வர முடியாது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அவனும் சரி என்றிருந்தான்.

காய்களோ பலகையோ இல்லாத விளையாட்டு. ஆளுக்கு ஒரு பாத்திரம். அந்த ஆளாகவே பேசி, பகடை உருட்டி, கதையை நகர்த்த வேண்டும்.

ஒரு வீடு. ஏறிக்கொண்டே வரும் வெள்ளம். மணிக்கு ஒரு முறை வாசலுக்குப் படகு வரும். ஏறுகிறவர்கள் ஏறலாம்.

அம்மா மரகதத்தைத் தவிர. அவள் வீட்டை விட்டுப் போக முடியாது. முடிச்சே அதுதான். அவளை விட்டுவிட்டுப் போவதா, கூட இருந்து மூழ்குவதா.

மரகதமாக உட்கார்ந்திருந்தவள் ரெஹானா என்ற கல்லூரிப் பெண்.

முதல் படகு வந்தது.

"நான் ஏறிட்டேன்," என்றாள் ரெஹானா.

மகளாக இருந்த ஷைனி சிரித்துவிட்டாள். அப்பாவாக இருந்த திலீபனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏய், அம்மாவே போயிட்டா எங்களுக்குச் சோறு யாரு ஆக்குறது?"

மூலையில் இருந்தவள் இரவுக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"நீ ஆக்கு. அம்மா போகக் கூடாதுன்னு எந்தப் பக்கத்துல இருக்கு? காட்டு."

திலீபன் புத்தகத்தை எடுத்தான். ஷைனியும் குனிந்து தேடினாள்.

மூலையில் இருந்தவளுக்குத் தெரியும். நாற்பத்தொன்றாம் பக்கம். அவசரமில்லாமல் தன் பிரதியைப் பிரித்தாள்.

மரகதம், வயது நாற்பத்திரண்டு. இரத்த அழுத்த மாத்திரை. இடுப்பில் சாவிக்கொத்து. உரத்த குரல்.

அவ்வளவுதான்.

நாற்பதைப் பார்த்தாள். நாற்பத்திரண்டைப் பார்த்தாள். பின்னால் இருந்த விதிப் பட்டியலைப் பார்த்தாள்.

இல்லை.

பதினொரு மாதங்களில் பதினான்கு முறை இதை அவளே நடத்தியிருந்தாள். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் வாயால் சொல்லியிருந்தாள். அவ போக முடியாது, சரியா? எல்லோரும் தலையாட்டினார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எட்வின் இரண்டு முறை பிழை பார்த்தான். அந்த வரி அவன் காதில் ஏற்கெனவே இருந்ததால் தாளில் இல்லாதது தெரியவில்லை.

அவளுக்கும்.

அப்படியென்றால் அதை எப்போது முடிவு செய்தாள்? எந்த நாளில்? எவ்வளவு யோசித்தும் அந்த நாள் கிடைக்கவில்லை.

கடலை மிட்டாய் பல்லில் உடைந்தது. அந்தச் சத்தத்துக்கு எட்வின் திரும்பிப் பார்த்தான்.

விதிப்படி, படகில் ஏறியவர் ஆட்டத்தில் இல்லை. ரெஹானா நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சன்னலோரம் போனாள். முட்டை பப்ஸைப் பிய்த்துத் தின்றபடி கீழே பஸ்களைப் பார்த்தாள். வீடு என்ன ஆயிற்று என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீடு நின்றது.

அப்பா சாவியைத் தேடினார். சோற்றுக்குப் பகடை உருட்டியதில் இரண்டு விழுந்தது. அடிப்பிடித்த சோறு. தின்றார்கள். மகள் மாத்திரை, பத்திரம், டிவி எல்லாவற்றையும் பரணில் ஏற்றினாள். அப்பா கொஞ்ச நேரம் அழுதார், பிறகு மணல் மூட்டை தூக்கினார். விடியும்போது தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

பதினான்கு முறையும் யாராவது மூழ்கியிருந்தார்கள்.

விளையாட்டு உடைந்துவிட்டதா, இல்லை இப்போதுதான் சரியாயிற்றா? அவளுக்குப் புரியவில்லை. அந்தப் பெண்மீது கோபமாக இருந்தது. பிறகு அது கோபம்தானா என்பதே சந்தேகமாக இருந்தது. கையில் இருந்த ஒன்றை யாரோ வாங்கி வைத்துக்கொண்டது போல. எதை என்று தெரியவில்லை.

மூன்று பேரும் போன பிறகு எட்வின் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். மணி நான்கு இருபது. மரகதத்தின் பெயருக்குக் கீழே தட்டச்சுக் கோடு மின்னிக்கொண்டிருந்தது.

"ஒரே வரிதானுங்க அக்கா. எடம் இருக்குது. நீங்க சொல்லச் சொல்ல அடிச்சர்றேன்."

சொல்லலாம். பதினான்கு முறை சொன்னதுதான். மரகதம் வீட்டை விட்டுப் போக முடியாது, ஏனென்றால்.

மற்ற எல்லா விதிக்கும் காரணம் எழுதியிருந்தாள். படகில் இரண்டு பேர்தான் ஏறலாம், ஏனென்றால் படகு சிறியது. விளக்கு நான்கு மணி நேரம்தான், ஏனென்றால் எண்ணெய் இல்லை.

ஏனென்றால்.

கால் நன்றாகத்தான் இருந்தது மரகதத்துக்கு. சாவியும் அவளிடம்தான் இருந்தது.

"அப்படியே அனுப்பிடு," என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எட்வின் அவளை ஒரு முறை பார்த்தான். அனுப்பினான்.

மடிக்கணினியை மூடிக்கொண்டே கேட்டான்.

"அப்ப பெங்களூருக்கு ஒரு டிக்கெட் போட்டாப் போதுங்களா? உங்களாலதான் வர முடியாதுன்னுட்டீங்களே."

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

பிறகு மடியில் இருந்த புத்தகத்தை எடுத்து, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலிலிருந்து தேடத் தொடங்கினாள்.