கப்பலுக்குச் சுற்றிய மிளகாய்

வீடியோ காலில் கலைமதியின் முகம் வெளுத்துக் கிடந்தது.

விடிந்ததிலிருந்து ஒரே வாந்தி, தலையைத் தூக்கவே முடியவில்லை என்று கப்பல் மெத்தையில் படுத்தபடி அவள் சொல்லச் சொல்ல, அத்தை என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஐயோ பாவம் என்பது அதற்கு அப்புறம்தான் வந்தது.

கலைமதி என் கொழுந்தனார் மனைவி. பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் உரக்கடையை அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் நடத்துகிறார்கள். இந்த வருடம் தக்காளி விதை நிறைய விற்றுக்கொடுத்ததற்காக விதைக் கம்பெனி ஒரு ஜோடிக்கு மட்டும் கப்பல் பயணம் கொடுத்தது. மும்பையில் ஏற்றி, கடலிலேயே சுற்றிக்காட்டி, திரும்ப அங்கேயே இறக்கிவிடுவார்கள்.

கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் காபி கொண்டுபோனேன். மூத்தவள் நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நமக்கெதுக்குங்க கப்பலு கிப்பலு? சின்னவங்க போயிட்டு வரட்டும்” என்றேன்.

எங்கள் பக்கத்தில் எதற்கும் கேட்டவுடனே சரி என்று சொல்லிவிட முடியாது. விருந்துக்குப் போனால்கூட இப்போதுதான் சாப்பிட்டு வந்தோம் என்று சொல்லவேண்டும். அவர்கள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்த பிறகு வயிறு நிறையச் சாப்பிடவேண்டும். இரண்டாவது முறையும் கேட்பார்கள் என்றுதான் காபித் தட்டோடு நின்றேன்.

யாரும் கேட்கவில்லை.

பெரிய மருமகளுக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் என்று அத்தை கம்பெனி ஆளிடம் பெருமையடித்தார். என் கணவர் மாதேஷ் காபியை உறிஞ்சினார். நீங்களே போங்கக்கா என்று கலைமதி ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். அவள் அன்று சாயந்திரமே தர்மபுரிக்குப் போய் கூலிங் கிளாஸ் வாங்கிவந்துவிட்டாள்.

அப்புறம் ஆரம்பித்தது ஸ்டேட்டஸ்.

கப்பலா அது? ஓர் ஊரையே தூக்கித் தண்ணீரில் வைத்திருந்தார்கள். நீச்சல் குளத்தில் ஆள்மேல் ஆள். சாப்பாட்டு வரிசை தீபாவளிக்கு முந்தைய நாள் பஸ் ஸ்டாண்டைவிட மோசம். அந்தக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நிற்கக்கூட எனக்கு ஆசையாக இருந்தது. துண்டை மடித்து யானை செய்து கட்டிலில் வைத்திருந்தார்கள். யானைக்குப் பக்கத்தில் கொழுந்தனார் இளம்பரிதி அரைக்கால் சட்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பார்த்தவர்கள் வரிசையில் என் பெயர் முதலில் தெரியக்கூடாது என்று மாதேஷின் போனிலிருந்து பார்த்தேன். ஒரு படத்தைக்கூட விடவில்லை. நீங்களும் வந்திருக்கலாம் அக்கா என்று எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வேறு. எப்படி வருவது, அவள் மடியிலா?

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? அவள் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துப் பார்த்தேன், மனசு வரவில்லை. அந்தக் கப்பல் கொஞ்சம் ஆடினால் என்ன என்றுதான் வந்தது.

இப்போது ஆடியிருக்கிறது.

“இது கண்ணுதான். ஊரே இவ போட்டோவப் பாத்து வவுறெரியுது” என்று அத்தை என் பக்கம் திரும்பினார். “தேவி, உப்பு மொளகா எடுத்துட்டு வா. மூத்தவ நீதான, நீயே சுத்திப் போடு.”

எனக்குப் பகீரென்றது.

நெருப்பில் போட்ட மிளகாய் நெடியடித்தால் கண் எதுவும் படவில்லை என்று அர்த்தம். நெடி வராவிட்டால் பெரிய கண்ணே பட்டிருக்கிறது. பட்டிருந்தால் அத்தை லேசில் விடமாட்டார். யார் கண், யார் கண் என்று தெருவில் தொடங்கி வீட்டுக்குள் வந்துசேர அவருக்கு அதிக நேரம் ஆகாது. பெரிய மனசுக்காரி என்ற பெயர் ஒன்றுதான் அந்தக் கப்பலுக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது. அதுவும் போய்விடும்.

சமையலறை டப்பாவில் இருந்த பழைய மிளகாய் நமுத்துப்போயிருந்தது. அதை நான் தொடவில்லை. போன சந்தையில் வாங்கிய புது மிளகாயில், கிள்ளினாலே விரல் எரிகிற குண்டு மிளகாயாகப் பார்த்து இரண்டு கையாலும் அள்ளினேன். விதை வெளியே வரட்டும் என்று நசுக்கியும் விட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அத்தை போனை ஏந்திக்கொண்டு நிற்க, அதற்குள் படுத்திருந்த கலைமதியை மூன்று முறை சுற்றினேன். அத்தை ஒவ்வொரு கண்ணாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, தெருக்கண்ணு. கடைசியில் வூட்டுக்கண்ணு என்றும் சேர்த்தார். எப்போதும் சொல்வதுதான். ஆனாலும் என் கை ஒரு நொடி நின்றுவிட்டது.

அடுப்பில் கொட்டினேன். படபடவென்று வெடித்தது.

முதலில் அத்தைக்குத் தும்மல் வந்தது. அப்புறம் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டக் கொட்ட இருமல். மாதேஷ் குளியலறையிலிருந்து தலையில் சோப்போடு வெளியே ஓடினார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு ராயம்மாள் இருமிக்கொண்டே திட்டினார். போனுக்குள் கலைமதி, எங்கள் கூத்தைப் பார்த்து வாந்தியை மறந்து சிரித்தாள்.

கண்ணுமில்லை ஒன்றுமில்லை, அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்று அத்தை இருமலுக்கு நடுவே தீர்ப்புச் சொன்னார்.

நான் தப்பித்தேன்.

அடுப்புக்கு எல்லோரையும்விடக் கிட்டத்தில் நின்றது நான்தான். புகை முழுக்க என் முகத்தில்தான் அடித்தது. மூச்சை இழுத்துப் பார்த்தேன். விறகு வாசனை வந்தது. சாம்பல் வாசனை வந்தது. இன்னும் குனிந்து, நன்றாக இழுத்துப் பார்த்தேன்.

மிளகாய் நெடி மட்டும் எனக்கு வரவே இல்லை.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நானும் இருமினேன்.